வீட்டுக்கடன் நோட்டீஸ் வந்த பிறகு: வங்கிப் பேச்சா, லோக் அதாலத்தா, டி.ஆர்.டி.யா, ஐ.பி.யா?

வீட்டுக்கடன் தவணை சில மாதங்கள் நின்றுபோய், வங்கியின் பதிவுத் தபால் வீட்டுக்கு வந்த பிறகு பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வக்கீலைப் பிடித்து ஸ்டே வாங்குவதா, வங்கியிலேயே பேசி முடிப்பதா, இல்லை ஐ.பி. எனப்படும் திவால் மனு கொடுத்துவிடுவதா? மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை, எது மலிவோ அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. உண்மையில் டி.ஆர்.டி. எனப்படும் கடன் வசூல் தீர்ப்பாயம் வங்கியின் நடைமுறையை மட்டுமே சோதிக்கிறது, கடனைக் குறைப்பதில்லை. வங்கியோடு பேசினால் கடன் குறையலாம், ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போது ஏலத் தேதி தானாகத் தள்ளிப்போகாது. ஐ.பி. ஆளைக் காக்கும், அடமானம் வைத்த வீட்டைக் காக்காது. ஆகவே வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், காப்பாற்ற நினைப்பது வீட்டையா அல்லது அந்த வீட்டில் தங்கியிருக்கும் தம் பணத்தையா என்பதைக் குடும்பத்தார் உட்கார்ந்து முடிவுசெய்தாக வேண்டும்.

இக்கட்டுரை தமிழ்நாட்டில் வங்கியிலோ வீட்டுவசதி நிதி நிறுவனத்திலோ வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய தனிநபர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கம்பெனிக் கடன்களுக்கான வழிகள் வேறு.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், கையில் இருக்கும் காகிதம் எது, அதில் என்ன தேதி இருக்கிறது என்பது. தவணை 90 நாள் நிலுவையானதும் கணக்கு வாராக் கடனாகிறது. அதன்பின், நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்க வங்கியை அனுமதிக்கும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் 13(2) பிரிவின்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். இதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், ஏற்க மறுப்பதற்கான காரணத்தை வங்கி 15 நாளுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். கெடு முடிந்ததும் 13(4) பிரிவின்படி சுவாதீன அறிவிப்பு, அதாவது வீட்டைக் கைப்பற்றியதாகச் சொல்லும் அறிவிப்பு வரும். அது வீட்டின் வாசலில் ஒட்டப்படுவதோடு, இரண்டு நாளிதழ்களிலும் வெளியாகும். அவற்றில் ஒன்று அந்த வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும். தெருவே படித்துவிட்ட பிறகு எல்லாம் முடிந்துவிட்டதாகக் குடும்பம் நினைத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் வங்கி எடுத்திருப்பது பெரும்பாலும் பெயரளவிலான சுவாதீனமே. ஆளை வெளியேற்றிச் சாவியை வாங்குவதற்கு 14ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ, தலைமை நீதித்துறை நடுவரிடமோ, சென்னை போன்ற பெருநகரமானால் தலைமைப் பெருநகர நடுவரிடமோ வங்கி தனியாக உத்தரவு பெற வேண்டும். பிறகுதான் வழக்கறிஞர் ஆணையர் போலீஸ் துணையோடு வருவார்.

இரண்டாவது, அந்த வழி ஏலத்தை உண்மையிலேயே நிறுத்துமா என்பது. மூன்றாவது, இப்போது கையிலிருந்து போகும் பணமும், வழக்கு ஓடும்வரை சத்தமில்லாமல் ஏறும் வட்டியும். நான்காவது, எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுவது: சிபில் எனப்படும் கடன் வரலாற்றுப் பதிவு, மீதிக் கடன், ஜாமீன் போட்டவரின் நிலை.

ஐந்தாவதை யாரும் கேட்க விரும்புவதில்லை. இன்று முதல் மாதத் தவணையை மறுபடி கட்டும் அளவுக்கு வருமானம் இருக்கிறதா? இல்லையென்றால் கீழே சொல்லும் எந்த வழியும் வீட்டைக் காப்பாற்றாது, நாளை மட்டும் தள்ளிப்போடும்.

## வங்கியோடு நேரடியாகப் பேசுவது

இதற்குள்ளேயே மூன்று வழிகள் உண்டு. கணக்கு வாராக் கடனாவதற்கு முன்பே போனால் தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்கும் மறுசீரமைப்பைக் கேட்கலாம். வேலை போய் மறுபடி கிடைத்தவர்களுக்கும், மருத்துவச் செலவில் சில மாதம் தடுமாறியவர்களுக்கும் இதைவிடச் சிறந்த வழி வேறில்லை. இதற்கு வழக்கறிஞர்கூடத் தேவையில்லை. சம்பளச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, ஒரு பக்கக் கடிதம் போதும். கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவைக்க வேண்டும். கிளை மேலாளர் வாயால் சொல்லும் "பார்த்துக்கலாம்" என்ற வார்த்தைக்குப் பிற்காலத்தில் எங்கும் மதிப்பில்லை.

கணக்கு வாராக் கடனான பிறகு ஓ.டி.எஸ். எனப்படும் ஒரே தவணைத் தீர்வு வருகிறது. வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளி, மீதியைக் குறிப்பிட்ட நாளுக்குள் கட்டச் சொல்வார்கள். இதை உரிமையாகக் கேட்க முடியாது. ஓ.டி.எஸ். கொடுக்கும்படி வங்கிக்கு உயர் நீதிமன்றம் ரிட் உத்தரவு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. இதன் மறைவான செலவுகளைக் கவனிக்க வேண்டும். ஒப்புக்கொண்ட நாளுக்குள் கடைசித் தொகை கட்டப்படாவிட்டால் தள்ளுபடி ரத்தாகி, அதுவரை கட்டியது பழைய முழுக் கடனில் வரவு வைக்கப்படும் என்ற நிபந்தனை ஓ.டி.எஸ். கடிதங்களில் வழக்கமாக இருக்கும். சிபில் அறிக்கையிலும் "முடிக்கப்பட்டது" என்றில்லாமல் "சமரசத்தில் தீர்க்கப்பட்டது" என்று பதிவாகும். ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் சுற்றறிக்கைப்படி, விவசாயக் கடன் தவிர்த்த மற்றவற்றில், சமரசம் செய்துகொண்டவருக்கு அதே நிறுவனம் குறைந்தது 12 மாதம் புதுக் கடன் கொடுக்காது. நகையை விற்றோ உறவினரிடம் வாங்கியோ மொத்தமாகப் பணம் திரட்ட முடிந்தவருக்கே ஓ.டி.எஸ். பொருந்தும். கந்துவட்டிக்கு வாங்கி ஓ.டி.எஸ். கட்டுவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழியைப் பலர் கௌரவக் குறைச்சலாக நினைத்து ஒதுக்குகிறார்கள். என் கணக்கில் அதுதான் பல குடும்பங்களுக்கு அதிகப் பணத்தை மிச்சப்படுத்துவது. வங்கியின் சம்மதத்தோடு வீட்டைத் தாமே விற்றுக் கடனை அடைப்பதைச் சொல்கிறேன். ஓர் உதாரணக் கணக்கு: கடன் பாக்கி 30 லட்சம், வீட்டின் சந்தை விலை 55 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவசர விற்பனையில் 50 லட்சத்துக்குப் போனாலும் குடும்பத்தின் கையில் 20 லட்சம் நிற்கும். அதே வீடு ஏலத்துக்குப் போய் 42 லட்சத்துக்கு அடிபட்டால், விளம்பரச் செலவு, மதிப்பீட்டாளர் கட்டணம், அதுவரை ஏறிய வட்டி எல்லாம் போக 10 லட்சம் மிஞ்சுவதே கடினம். ஏலம் எடுப்பவர் குடியிருப்போரை வெளியேற்றும் தொல்லையையும் வழக்கு வரும் ஆபத்தையும் கணக்குப் போட்டே விலை கேட்பார். ஒரு எச்சரிக்கை: 13(2) நோட்டீஸ் வந்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ சட்டம் அனுமதிப்பதில்லை. வாங்குபவரிடம் முன்பணம் வாங்குவதற்கு முன்பே அந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும். லாபத்துக்கு மூலதன ஆதாய வரி வருமா என்பதையும் ஆடிட்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

## சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் லோக் அதாலத்தும்

ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. வட்ட அளவில் குழுக்கள் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு பொருந்தும். கணவன் மனைவி சேர்ந்து கடன் வாங்கியிருந்தால், மனைவி தம் பெயரில் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் முதல் ஆலோசனை கேட்கலாம்.

லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றம், வழக்குப் போடுவதற்கு முந்தைய நிலையிலேயே வங்கிக் கடன்களை எடுத்துக்கொள்கிறது. மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு நீதிபதி அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி, உடன் உறுப்பினர்கள். இந்தப்பக்கம் வங்கி அலுவலரும் கடன்காரரும். கட்டணம் கிடையாது. கிளையில் மேலதிகாரியைக் காட்டித் தட்டிக்கழிக்கும் அலுவலர் அங்கே ஒரு தொகையைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும். அவருக்கு எந்த அளவுவரை தள்ளுபடி செய்ய அதிகாரம் தரப்பட்டிருக்கிறது என்பதை முதலிலேயே கேட்பது நல்லது.

அங்கே போடும் கையெழுத்தின் கனத்தைப் பலர் உணர்வதில்லை. லோக் அதாலத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடு இல்லை. தவணை தவறினால் வங்கி புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை, நேரே நிறைவேற்று மனுவுக்குப் போய்விடலாம். தவணை தவறினால் மொத்தத் தொகையும் வட்டியோடு உடனே கட்டப்பட வேண்டும் என்ற வரி தீர்வில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும். அது இருந்தால், கட்ட முடியும் என்று உறுதியாகத் தெரிந்த தொகைக்கு மட்டுமே ஒப்ப வேண்டும். மேலும், வங்கி சம்மதிக்காவிட்டால் லோக் அதாலத்தால் எதையும் திணிக்க முடியாது. ஏலத்துக்குத் தடை போடும் அதிகாரமும் அதற்கில்லை. தனிநபர் கடன், கல்விக் கடன், சிறிய வீட்டுக்கடன் ஆகியவற்றுக்கு இது நல்ல இடம். ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டவருக்கு இதை நம்பி உட்கார நேரமில்லை.

## கடன் வசூல் தீர்ப்பாயம்

சர்ஃபாசி சட்டத்தின் 34ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தின் கதவை அடைத்துவிட்டதால், வங்கி நடவடிக்கையை எதிர்ப்பதற்கான முறையான இடம் டி.ஆர்.டி.தான். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் இது இருக்கிறது. 17ஆம் பிரிவின்படி, வங்கி எடுத்த நடவடிக்கை நடந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மனு போட வேண்டும். 13(2) நோட்டீஸ் வந்ததுமே ஓடிப்போய்ப் பயனில்லை. சுவாதீன அறிவிப்பு வந்த பிறகுதான் அந்த உரிமை பிறக்கிறது. ஆனாலும் 13(2) நோட்டீசுக்கு ஆட்சேபம் கொடுக்காமல் விட்டால், "அப்போதே ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வி இங்கே எழும்.

மனுக் கட்டணம் கடன் தொகையைப் பொறுத்தது. 10 லட்சத்துக்குக் கீழ் என்றால் லட்சத்துக்கு 500 ரூபாய். அதற்கு மேல் 5,000 ரூபாயோடு கூடுதல் லட்சத்துக்கு 250 ரூபாய். உச்சவரம்பு 1 லட்சம். 30 லட்சம் பாக்கிக்கு 10,000 ரூபாய் ஆகும். வழக்கறிஞர் கட்டணம் இதற்குமேல்.

உண்மையான செலவு இவை இரண்டும் அல்ல. தடை உத்தரவு பெரும்பாலும் நிபந்தனையோடுதான் வரும்: பாக்கியில் ஒரு பங்கை இத்தனை வாரத்துக்குள் கட்டு, இல்லையேல் தடை தானாக நீங்கும். அந்தப் பணம் தயாராக இல்லாமல் போனால், மனுவுக்கான செலவும் போய், தடையும் போய், நிலைமை முன்பைவிட மோசமாகும். அடுத்தது வட்டி. மனுவை 60 நாளில், தவறினால் நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வழக்குகள் அதைத் தாண்டி இழுப்பது வாடிக்கை. 30 லட்சம் பாக்கிக்கு 9 சதவீத வட்டியில் ஓராண்டுக்கு மட்டும் 2,70,000 ரூபாய் ஏறும். தோற்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் கடனில் 50 சதவீதத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டும். காரணம் காட்டினால் 25 சதவீதம்வரை குறைக்கலாம், அதற்குக் கீழே இல்லை.

அப்படியானால் இது யாருக்கு? நடைமுறையில் வங்கி உண்மையாகவே பிசகியிருக்கும்போது. சில காகிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். முதல் ஏலத்துக்கு 30 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு வந்ததா? அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் அறிக்கையின் பேரில் குறைந்தபட்ச விலை வைக்கப்பட்டதா? நோட்டீசிலுள்ள சர்வே எண்ணும் விஸ்தீரணமும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா? இரண்டு சகோதரர்களில் ஒருவர் மட்டும் அடமானம் வைத்திருக்க, முழு வீட்டையும் அறிவிப்பில் சேர்த்துவிட்டார்களா? ஆட்சேபத்துக்குப் பதில் வந்ததா? அடமானம் வைத்தது விவசாய நிலமா? ஆமென்றால் 31ஆம் பிரிவின்படி சர்ஃபாசியே பொருந்தாது. அசல், வட்டி இரண்டிலும் சேர்த்து 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தாலும் அப்படியே. இவற்றில் ஒன்று கிடைத்தால் வழக்குக்கு உயிர் உண்டு. எதுவும் கிடைக்காமல், "கஷ்டத்தில் இருக்கிறோம்" என்பது மட்டுமே வாதமானால், தீர்ப்பாயம் அனுதாபத்தோடு கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.

தேதி விஷயத்தில் ஒரு மாற்றத்தை மனத்தில் இருத்த வேண்டும். முன்பெல்லாம் ஏலம் முடியும்வரைகூட முழுப் பணத்தையும் கட்டி வீட்டை மீட்கலாம் என்று நம்பினார்கள். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு மீட்கும் உரிமை முடிந்துவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தெளிவாக்கியது. கடைசி நேரத்தில் பணத்தோடு ஓடும் பழைய வழக்கம் இனிச் செல்லாது.

## உயர் நீதிமன்ற ரிட்டும் ஆம்புட்ஸ்மேனும்

இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டி.ஆர்.டி. இருக்கும்போது ரிட் மனுக்களை ஏற்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2010 முதல் உயர் நீதிமன்றங்களுக்குச் சொல்லிவருகிறது; 2023இலும் கடுமையாகச் சொன்னது. விதிவிலக்கான நிலைமைகளில் மட்டுமே இந்தக் கதவு திறக்கும்.

ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கச் செலவில்லை, வழக்கறிஞரும் வேண்டாம். முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அபராதக் கட்டணத்தின்மேல் வட்டி போட்டது, காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூல் முகவர் போன் செய்து மிரட்டியது, கடன் முடிந்து 30 நாளாகியும் பத்திரத்தைத் திருப்பித் தராதது போன்ற குறைகளுக்கு இது ஏற்ற இடம். ஏலத்தை இது நிறுத்தாது.

## ஐ.பி. என்னும் மஞ்சள் கடுதாசி

தனிநபர் திவால் பற்றி ஊரில் நிலவும் நம்பிக்கைக்கும் சட்டத்துக்கும் இடைவெளி பெரிது. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே சாதாரணக் குடும்பத்துக்கு இன்றும் பழைய சட்டங்களே: சென்னை நகரத்தில் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றமும் அபிஷியல் அசைனியும், மற்ற ஊர்களில் 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின்படி கீழமை நீதிமன்றமும் அபிஷியல் ரிசீவரும். அசைனி, ரிசீவர் என்பவர்கள் நொடித்தவரின் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரிகள்.

மனு ஏற்கப்பட்டு நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், கடன்காரரின் சொத்து ரிசீவர் கைக்குப் போகும். தனித்தனியே வழக்குப் போட்டு நெருக்கும், கைமாற்றாகவும் பிராமிசரி நோட்டின்பேரிலும் கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதியின்றி மேலே போக முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். ஆனால் அடமானம் பெற்ற வங்கியின் உரிமையை 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தொடாமல் விட்டுவைக்கிறது. ஐ.பி. போட்ட மறுநாளும் வீட்டுக்கடன் வங்கி ஏலத்தைத் தொடரலாம். செக் திரும்பிய குற்ற வழக்கும், ஜாமீன் போட்ட மைத்துனர்மீதான வசூலும் இதனால் நிற்காது.

விலை இன்னும் உண்டு. மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் மனைவி, மக்கள் பெயருக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தை ரிசீவர் ரத்து செய்யக் கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் கடன் கொடுத்த ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டி அடைத்திருந்தால் அதுவும் செல்லாமல் போகலாம். சொத்தை மறைத்தால் ஓராண்டுவரை சிறை. நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் கடன்களிலிருந்து விடுவிக்கக் கோரும் விடுவிப்பு மனு போடத் தவறினால் நொடிப்பு அறிவிப்பே ரத்தாகிவிடும், ஐ.பி. போட்டதோடு வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். விடுவிப்புப் பெறும்வரை தேர்தலில் நிற்கவும் முடியாது.

வீடு ஏற்கெனவே போய்விட்டது அல்லது இல்லவே இல்லை, ஆனால் பலரிடம் அடமானமில்லாக் கடன் குவிந்திருக்கிறது, மறைக்க எதுவுமில்லை: இந்த நிலையில் இருப்பவருக்கு ஐ.பி. நியாயமான வழி. வெறும் சிறைப் பயத்தால் மட்டும் அங்கே போக வேண்டியதில்லை. நேர்மையாகவே கட்ட வழியில்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது என்பது 1980லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

## ஒரே பார்வையில்

| வழி | ஏற்ற கட்டம் | ஏலத்தை நிறுத்துமா | மறைவான செலவு |
|---|---|---|---|
| மறுசீரமைப்பு | 90 நாளுக்கு முன் | அந்த நிலைக்கே போக விடாது | நீளும் காலத்துக்கான கூடுதல் வட்டி |
| ஓ.டி.எஸ். | வாராக் கடனான பின், ஏல அறிவிப்புக்கு முன் | கடைசித் தொகை கட்டினால் மட்டும் | கெடு தவறினால் தள்ளுபடி ரத்து, சிபில் பதிவு |
| சொந்த விற்பனை | ஏல அறிவிப்புக்கு முன் | கடன் அடைந்தால் நிற்கும் | வரி, அவசர விலை |
| லோக் அதாலத் | வழக்குக்கு முன் அல்லது தொடக்கத்தில் | இல்லை | மேல்முறையீடு இல்லாத தீர்வு |
| டி.ஆர்.டி. | சுவாதீன அறிவிப்பிலிருந்து 45 நாள் | நிபந்தனையோடு | வைப்புத் தொகை, ஏறும் வட்டி |
| ஐ.பி. | அடமானமில்லாக் கடன் குவிந்த நிலை | இல்லை | சொத்து ரிசீவரிடம், விடுவிப்புவரை தடைகள் |

## யார் எந்தப் பக்கம்

நிலையான வருமானம் திரும்பிவிட்டவர் மறுசீரமைப்பையும், முடியாதபோது ஓ.டி.எஸ்.ஸையும் கேட்கட்டும். வருமானம் திரும்பாது, ஆனால் கடனைவிட வீட்டின் மதிப்பு கணிசமாக அதிகம் என்றால் தாமே விற்பதுதான் என் பரிந்துரை. வீடு நிலைக்கும் என்று நம்பவைத்து நடத்தப்படும் வழக்கு அந்த மிச்சத்தையும் தின்றுவிடும். கடன் மதிப்பைத் தாண்டிவிட்டவருக்கு ஏலத்தோடு விஷயம் முடிவதில்லை. மீதித் தொகைக்கு வங்கி வழக்குப் போடலாம்; ஆகவே அவர் வீட்டை ஒப்படைப்பதற்கு முன், மீதியும் சேர்த்துத் தீர்ந்தது என்ற வாசகத்தை ஓ.டி.எஸ். கடிதத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

சமூக ஊடகங்களில் "கடனைப் பாதியாக்கித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்து, தவணையை நிறுத்தச் சொல்லி, மாதச் சந்தா வாங்கும் தீர்வு நிறுவனங்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. அவர்கள் கேட்டுத் தரும் ஓ.டி.எஸ்.ஸைக் கடன்காரரே வங்கியில் கேட்கலாம். தவணையை நிறுத்திய மாதங்களின் வட்டியை அவர்கள் கட்டப்போவதில்லை.

இரண்டு வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்தவும் இடமுண்டு. சுவாதீன அறிவிப்பில் பிழை இருந்தால் 45 நாளுக்குள் டி.ஆர்.டி.யில் மனு போட்டுக் காலக்கெடுவைக் காத்துக்கொண்டு, அதே வேளையில் வாங்க ஆள் பார்த்து, விற்பனைத் திட்டத்தையே தீர்ப்பாயத்தின் முன் வைக்கலாம். வாங்குபவரின் ஒப்பந்தமும் அவர் கடன் பெறும் வங்கியின் அனுமதிக் கடிதமும் காட்டப்பட்டால், ஏலத்தை ஒத்திவைக்க வங்கித் தரப்பு வழக்கறிஞரே ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். இதை எடுத்து நடத்தும் வழக்கறிஞரிடம், தடை கிடைத்தால் எவ்வளவு வைப்புத் தொகை கேட்கப்படலாம், அது எந்த நாளுக்குள் என்பதையும், அவருடைய கட்டணம் ஒரு விசாரணை நாளுக்கா, வழக்கு முழுமைக்கா என்பதையும் வக்காலத்தில் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.